துக்க நாளில் மீன் வராது

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக ஒரு எலுமிச்சம்பழத்தை அறுத்து இரண்டு கைகளிலும் தேய்த்துக்கொண்டேன். காப்பிகூட அதற்குப் பிறகுதான். பைபாஸ் ரோட்டு ஓட்டல்காரர்கள் கொடுத்த புதிய ஒப்பந்தம் மேசைமேல் கிடந்தது. மீன் வாடையோடு அதைத் தொடக்கூடாது என்று தோன்றியது. அந்த வழக்கம் என்னுடையது அல்ல, உன்னுடையது. "வாடையடிக்கிற பத்திரத்தை எந்தக் கோர்ட்டுக் குமாஸ்தாவும் கேசுக் கட்டுல மேல வைக்க மாட்டான், ஏட்டி" என்பாய். நகத்தோரம் மீன்முள் கீறிய இடத்தில் சாறு இறங்கிச் சுரீரென்று எரிந்தது. அந்த எரிச்சலோடு நீயும் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டாய்.

நீ போய் இரண்டு மழைக்காலம் கழிந்துவிட்டது. உன்னைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் 'தங்கமான பிள்ளை' என்கிறார்கள். நான் மறுத்துப் பேசுவதில்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் என்ன வழக்கு. ஆனால் உனக்கும் எனக்கும் தெரியும், நீ தங்கமெல்லாம் இல்லை, சுத்தமான சண்டைக்காரி. பாளையங்கோட்டையில் நாம் படித்தபோது, விடுதிக் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுத் தருவதாக வார்டன் சொன்னார். எல்லோரும் கைதட்டினோம். நீ மட்டும் எழுந்து, "எந்தக் கிழமைக்குள்ள, சிஸ்டர்?" என்று கேட்டாய். அவர் முகம் போன போக்கு! ஆனால் அந்த வாரமே தாழ்ப்பாள் வந்தது. அம்பாசமுத்திரத்துச் சைவ வீட்டுப் பெண்ணும் உவரிக் கடலில் வள்ளம் இறக்கி மீன் பிடிக்கிற வீட்டுப் பெண்ணும் ஒரே அறையில் இருந்து வாங்கிய பட்டத்தைவிட, அந்த ஒரு கேள்விதான் பின்னால் எனக்குச் சோறு போட்டது.

நீ சட்டம் படிக்கப் போனாய். நான் கல்யாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, பாளையங்கோட்டையில் மீன்கடை வைத்தேன். உவரியில் சூசை மாமாவும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்ட சில வள்ளக்காரர்களும் பிடிக்கிற மீனை என் வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றி வருவார். கடைக்கு வருகிறவர்கள் வாங்கியது போக, பாதிக்கு மேல் அந்த ஓட்டலுக்குப் போகும். எல்லாம் வாய்ச்சொல்தான். சூசை மாமா என் அம்மாவுடன் பிறந்தவர். அவரிடம் என்ன பத்திரம்? ஓட்டல்காரர் சிரித்த முகத்தோடு பேசுகிறவர். அவரிடம் என்ன பத்திரம்?

ஒருநாள் சாயங்காலம் ஓட்டலுக்குப் போன மீன் அத்தனையும் திரும்பி வந்தது. கெட்டுப்போய்விட்டதாம். காலையில் நாங்கள் இறக்கிய பெட்டிகளை அடுக்களைக்குப் பின்னால் வெயில் விழுகிற இடத்தில் அப்படியே விட்டிருக்கிறார்கள். ஐஸ் உருகித் தண்ணீராகி ஓடியிருக்கிறது. நல்ல மீனாகத்தான் தந்தேன் என்றேன் நான். இல்லை என்றார்கள் அவர்கள். இரண்டும் வெறும் சொல். நீ கோர்ட்டிலிருந்து நேராகக் கடைக்கு வந்தாய். கறுப்புக் கோட்டு ஒரு கையில். இன்னொரு கை முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தது.

"அழுது முடிச்சிட்டியா?"

"அழலட்டி. கோவம்."

"கோவத்தை வச்சி என்ன செய்யப்போற? ஒரு தாள் எடு."

உன் முதல் வரைவை நான் மறக்கவில்லை. எங்கிருந்தோ எடுத்த மாதிரி ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்து, அதிலிருந்த அழகான வார்த்தைகளை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே போனாய். 'நல்லெண்ணத்துடன்' என்று ஒன்று இருந்தது. "நல்லெண்ணத்தை எந்தப் படியால அளப்பாங்க?" என்று அதை அடித்தாய். 'தரமான மீன்' என்று இருந்தது. அதையும் அடித்தாய். ஒவ்வொரு வரியிடமும் நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்: இதை ஒருத்தன் மீறினால் எதை வைத்துக் காட்டுவாய்? பதில் இல்லாத வரி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் போய்விடும். கடைசியில் தாளில் பெயரும் முகவரியும்தான் மிஞ்சின. "இப்ப எழுதலாம்" என்றாய்.

மீனைத் தொட்டே பார்த்திராத நீ, 'கெடாத மீன்' என்பதற்கு விளக்கம் எழுதுவதற்காக என்னோடு உவரிக்கு வந்தாய். வண்டியில் முன்சீட்டில், கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டிக்கொண்டு. கரையில் சூசை மாமா உன்னை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன மவளே, மீனுக்குப் பத்திரம் எழுத சைவத்தையா கூட்டிட்டு வந்திருக்க?"

"அதனாலதான் மாமா சரியா எழுதுவேன்" என்றாய் நீ. "எனக்கு ஒண்ணும் தெரியாது. நல்ல மீனு எது, கெட்ட மீனு எது, சொல்லுங்க."

"பாத்தா தெரியும்."

"நீங்க பாத்தா தெரியும். ஜட்ஜு பாத்தா?"

"அவரு மீன் திங்க மாட்டாராக்கும்?"

"என்னமாதிரி ஆளா இருந்தா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். மாமா ஒரு விளமீனைத் தூக்கி உன் முன்னால் போட்டார். கண்ணைக் காட்டினார், செவுளைத் திறந்து காட்டினார். நீ பேனாவோடு குனிந்து, "சிவப்புன்னா எந்தச் சிவப்பு? குங்குமமா, செங்கல்லா?" என்று கேட்டாய். இரண்டு பேரும் அந்தச் சிவப்பை வைத்து ஒரு சண்டையே போட்டீர்கள். கடைசியில் நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒற்றை விரலால் மீனின் முதுகை அழுத்தினாய். எடுத்ததும் சதை எழும்பிவிட்டது. "குழி நிக்கல" என்றாய், என்னவோ சாட்சியை மடக்கிவிட்ட மாதிரி. 'விரலால் அழுத்தி எடுத்தால் குழி நிற்கக் கூடாது' என்பது அப்படித்தான் நம் ஒப்பந்தத்துக்குள் வந்தது. இறக்கிய ஒரு மணி நேரத்துக்குள் ஓட்டல் ஆளும் நம் ஆளும் சேர்ந்து பார்த்துச் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அதற்குப் பின் மீனின் கதி ஓட்டலின் பொறுப்பு என்பதும். வழக்கென்று வந்தால் திருநெல்வேலி நீதிமன்றத்தில்தான் என்பதும்.

வள்ளக்காரர்களுக்கும் எனக்கும் இடையே தனியாக எழுதிய பத்திரத்தை நீ ஒரு வரி விடாமல் வாசித்துக் காட்டினாய். மாமாவுக்கு ரோசம் வந்துவிட்டது.

"எஞ்சொல்லு போதாதாக்கும்? இவ நான் தூக்கி வளத்த பிள்ள."

"உங்க சொல்லு போதும் மாமா. இவ சொல்லுதான் போதாது. மீனைப் பிடிச்சிட்டு வந்தப்புறம் இன்னைக்கு வேண்டாம்னு இவ சொன்னா நீங்க என்ன செய்வீங்க? சொல்லக்கூடாதுன்னு எழுதியிருக்கேன், பாருங்க. இது உங்களைக் கட்டுற கயிறு இல்ல. இவளைக் கட்டுற கயிறு."

மாமா அந்தத் தாளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் சொல்லுத ஒண்ணையும் எழுது, வக்கீலம்மா" என்றார். "ஊர்ல துட்டி விழுந்தா வள்ளம் இறங்காது. கடல்ல ஆள் போனாலும் சரி, கட்டில்ல போனாலும் சரி. அடக்கம் முடியந்தட்டியும் இறங்காது. அன்னைக்கு மீன் எங்கன்னு ஒருத்தரும் கேக்கக் கூடாது."

நீ உடனே எழுதினாய். திரும்பி வரும் வழியில், ஓட்டல் ஒப்பந்தத்திலும் அதே வரியை அதே வார்த்தைகளில் ஏற்றினாய். "அவங்ககிட்ட நீ எதை வாங்குறியோ அதைத்தான் இவங்களுக்குக் குடுக்க முடியும். ரெண்டு பத்திரமும் பல்லுக்குப் பல்லு பொருந்தணும். பொருந்தாத எடத்துல நீ மாட்டிக்கிட்டு முழிப்ப." வியாபாரம் படித்த எனக்கு அதுவரை யாரும் இவ்வளவு உடைத்துச் சொன்னதில்லை.

அவ்வளவு பார்த்தும் கோட்டை விட்டோம். கையெழுத்தான பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஓட்டலிலிருந்து போன் வந்தது, மீன் எங்கே என்று. 'நாள்தோறும்' என்றுதான் எழுதியிருந்தோம். திங்கட்கிழமை எழுத்தாகவே வந்துவிட்டது, ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ கடை வாசலில் நின்று கத்தினாய்.

"ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போகமாட்டீங்கன்னு ஏட்டி நீ ஏன் சொல்லல?"

"அது யாருக்குத் தெரியாது?"

"எனக்குத் தெரியாது!"

"மூணு வருசம் ஒரே ரூம்ல இருந்த. ஞாயித்துக்கிழமை நான் பூசைக்குப் போறதைப் பாத்ததே இல்லையா?"

"நீ போனதைப் பாத்தேன். வள்ளம் போகாததை நான் எங்கன பாத்தேன்?"

கத்தி முடித்ததும் சிரிக்கத் தொடங்கினாய். மீன்கடை வாசலில், மூக்கைப் பொத்த மறந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். விஷயத்தைக் கேட்ட சூசை மாமா போனில், "கடவுள் செயலால மீன் வராட்டி குத்தமில்லன்னு ஒண்ணு எழுதுனியல்லா வக்கீலம்மா, ஞாயித்துக்கிழமை ஆண்டவருக்குள்ளதுதானே, அதுல அடக்கிரு" என்று யோசனை சொன்னார். நீ அடக்கவில்லை. நேராக ஓட்டலுக்குப் போய், அப்போதிருந்த மேலாளரிடம் உட்கார்ந்து, ஞாயிறு, பெரிய வெள்ளி, அந்தோணியார் திருவிழா என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, திருத்தத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தாய். அன்று நீ சொன்னதை நான் இன்றுவரை பிடித்துக்கொண்டிருக்கிறேன். "எது எல்லாருக்கும் தெரியும்னு நினைக்கிறியோ, அதைத்தான் முதல்ல எழுதணும்."

அந்த ஒப்பந்தம் நின்றது. பின்னால் ஒருமுறை, சாயங்காலம் பெட்டிகள் திரும்பி வந்தபோது, நான் சண்டை போடவில்லை. அடுக்களைத் தலைவர் காலையில் கையெழுத்துப் போட்ட சீட்டை அவர்கள் மேசையில் வைத்தேன். வக்கீல் நோட்டீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை. மேலாளர் சீட்டைப் பார்த்தார், பெட்டிகளைப் பார்த்தார், உள்ளே எடுத்துப்போகச் சொன்னார். பெண்பிள்ளைக்கு எதற்கு ஸ்டாம்பு பேப்பர் வியாபாரம் என்று கேட்ட சந்தைக்காரர்களில் இரண்டு பேர், அடுத்த மாதமே உன் முகவரி கேட்டு என்னிடம் வந்தார்கள். "அண்ணாச்சிமாருக்கு மட்டும் கொஞ்சம் கடுசா எழுதிக் குடு" என்றேன். "எல்லாருக்கும் ஒரே கடுசுதான்" என்றாய்.

பிறகு நீ நோயில் விழுந்தாய். அதை எழுத எனக்கு மனமில்லை; உனக்கும் அந்தப் பேச்சு பிடிக்காது. ஐப்பசி மழையில் ஆறு கரை தொட்டு ஓடிய ஒரு காலையில் செய்தி வந்தது. நான் சூசை மாமாவிடம் போனில் சொன்னது ஒரே வரி: வக்கீலம்மா போயிட்டா. அன்று மீன் அனுப்ப வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஒப்பந்தப்படி ஊரில் துக்கம் என்றால்தானே.

கொஞ்ச நேரத்தில் அவரே திரும்பக் கூப்பிட்டார். "வள்ளம் இறங்கல, மவளே. வண்டியைக் கழுவி அனுப்பச் சொல்லு. நாங்களும் வாரோம்."

"மாமா, அவ நம்ம ஊரு இல்லையே. ஓட்டல்ல கேப்பாங்களே."

"ஊருன்னா எதுன்னு அவ பத்திரத்துல எழுதலல்லா? செவுள் செவப்புக்கு அம்புட்டு சண்டை போட்டவ. இதை எழுதாம விட்டுருக்கான்னா, நம்மளை நம்பி விட்டுருக்கா."

வண்டியை உள்ளும் புறமும் சோப்புப் போட்டுக் கழுவினார்கள். வள்ளக்காரர்கள் வெள்ளை வேட்டி கட்டி, மீன் பெட்டி வைக்கிற இடத்தில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே அம்பாசமுத்திரம் வரை வந்தார்கள். உன் தெருவில் இறங்கியபோது கொஞ்சம் வாடை இருக்கத்தான் செய்தது. உன் மாமியார் வீட்டுப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, சூசை மாமாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அந்த நேரத்தில் ஓட்டல் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். உவரியில் யார் தவறிப்போனது என்று கேட்டார். "உங்க ஒப்பந்தத்தை எழுதினவங்க" என்றேன். மறுநாள் வந்த சீட்டில் வழக்கம்போல் கையெழுத்து இருந்தது.

அந்த ஓட்டல் இப்போது கைமாறிவிட்டது. புது முதலாளிகள், புது மேலாளர். மரியாதையான இளைஞர்தான், தண்ணீர் பாட்டிலைத் திறந்தே கொடுத்தார். ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலத்தில், தடித்த புத்தகம் போல. தரம் பற்றி வாங்குபவரின் முடிவே இறுதியானது. வழக்கு சென்னையில். வாரத்தில் ஏழு நாளும் மீன் வர வேண்டும். எந்தக் காரணத்தாலும், உள்ளூர் வழக்கங்கள் உட்பட, தவறக்கூடாது. தவறினால் அறிவிப்பின்றி விலக்கிக்கொள்வார்கள். நேற்று நான் ஒவ்வொரு வரியாகக் கேட்டேன்.

"மேடம், எல்லா வெண்டருக்கும் இதே ஃபார்மட்தான். இதுவரைக்கும் யாரும் ஒரு வரி மாத்தச் சொன்னதில்ல."

"யாராவது வாசிச்சிருக்காங்களா?"

அவர் சிரித்தார். பழைய ஒப்பந்தத்தைப் புரட்டி, நம் வரியில் விரலை வைத்தார். "துக்க நாளுக்குத் தனியா ஒரு ஷரத்தா? கெஸ்ட்கிட்ட நான் என்ன சொல்றது? உவரில ஒருத்தர் இறந்துட்டார், அதனால இன்னைக்கு மீன் குழம்பு இல்லன்னா?"

"ஆமா. அதைத்தான் சொல்லணும்."

அவர் குரலைத் தாழ்த்தினார், எனக்கு உதவி செய்கிற மாதிரி. "அன்னைக்கு மட்டும் வேற எங்கயாவது வாங்கிப் போட்டுருங்க. மெனுவுல உவரி மீன்னு இருக்கு, அது அப்படியே இருக்கட்டும். யாருக்குத் தெரியப்போகுது?"

எனக்குத் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நான் தாள்களை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாளைக்குள் கையெழுத்தாகி வர வேண்டும் என்பது அவர் பின்னாலிருந்து சொன்னது.

வீட்டில் இவர், "ஊர் உலகமே போடுது, நமக்கு மட்டும் கொம்பா முளைச்சிருக்கு?" என்கிறார். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓட்டல் போனால் வண்டியில் பாதி காலியாகத்தான் வரும். வள்ளக்காரர்களிடம் மீனை வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று நீ என்னைக் கட்டிய கயிறும் அப்படியேதான் இருக்கிறது. பிடித்த மீனை நான் எடுத்தே ஆக வேண்டும், எங்கே விற்பேன்? சூசை மாமாவிடம் கேட்டேன். எழுபதைத் தாண்டியவர், இப்போது கடலுக்குப் போவதில்லை. "உனக்கு எது தோதோ அதைச் செய், மவளே. நாங்க கோவிக்க மாட்டோம்" என்றார். கோபித்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காலையிலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறேன். உன்னைப் போலவே, ஒவ்வொரு வரியிடமும், மீறினால் எதை வைத்துக் காட்டுவாய் என்று கேட்டுக்கொண்டே. இந்தத் தடித்த புத்தகத்தில் என்னைக் கட்டும் வரிகளுக்கெல்லாம் பதில் இருக்கிறது. அவர்களைக் கட்டும் வரி ஒன்றுகூட இல்லை. இதற்குப் பெயர் ஒப்பந்தம் இல்லை, உத்தரவு. உத்தரவுக்கு என் கையெழுத்து எதற்கு?

பணிந்து போவதைச் சாமர்த்தியம் என்கிறார்கள். இருக்கட்டும். நான் இறக்கும் பெட்டிக்குள் எங்கிருந்தோ வந்த மீனைப் போட்டு, அதற்கு என் ஊரின் பெயரை வைத்து, அதுவும் என் ஊர் கரையில் கூடி ஒருத்தனுக்காக அழுகிற நாளில் அதைச் செய்வது சாமர்த்தியம் என்றால், எனக்கு அது வேண்டாம். உன்னிடமிருந்து எனக்கு வந்தது துணிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. துணிச்சல் எனக்கு முன்பே இருந்தது, நான் கடற்கரைக்காரி. நீ கொடுத்தது, அந்தத் துணிச்சலை ஒரு வரியாக எழுதி, வாசித்துக் காட்டி, எதிரே இருப்பவன் கண்ணைப் பார்த்தபடி பேனாவை நீட்டும் பழக்கம்.

மத்தியானம் இவர் எட்டிப் பார்த்து, "போட்டாச்சா?" என்றார். "வாசிச்சிட்டு இருக்கேன்" என்றேன். உண்மைதான்.

நாளைக் காலையில் அந்தப் புத்தகத்தைக் கையெழுத்து இல்லாமல் திருப்பிக் கொடுக்கப்போகிறேன். கூடவே நம் தமிழ் ஒப்பந்தத்தைப் புதிதாக அடித்து வைப்பேன், துக்க நாளை முதல் ஷரத்தாக ஏற்றி. அவர் மாட்டேன் என்றால், ஓட்டலுக்கு ஏற்றிய பெட்டிகளை அப்படியே திருப்பிக்கொண்டு வந்து, பஸ் நிற்கிற பக்கமாக ஒரு மேசை போட்டு, நானே நின்று விற்பேன். முதல் வாரம் மீதமாகும். இரண்டாம் வாரமும் ஆகலாம். மேசைக்கு மேல் ஒரு பலகை தொங்கும். எல்லோருக்கும் தெரியும் என்று நாம் நினைக்கிறதை அதில் பெரிய எழுத்தில் எழுதச் சொல்வேன்: ஞாயிற்றுக்கிழமை மீன் இல்லை. துக்க நாளில் மீன் வராது.

இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. பலகை எழுதுகிறவரிடம்கூட.